எறும்புச் சாட்சி

ஹெக்டர் ஒரு விஷயத்தில் சுத்தமான மனிதர். ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறமாட்டார். மற்றவர்களுக்குக் கொடுத்த வாக்குகள் என்ன ஆயின என்று தெரியவேண்டுமானால் அவருடைய மனைவி இன்பமலரைத்தான் கேட்க வேண்டும். சீனி வருத்தக் கிளினிக்கில் இரத்தம் சோதிக்கிற தாதி, மிஸ்ஸியும் கொஞ்சம் சொல்லுவாள்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஹெக்டரின் தமையன் பேர்னாட் அதிலேதான் போனார். முதலில் வலது காலின் சின்னவிரலை எடுத்தார்கள். "ஒரு விரல்தானே, இன்னும் ஒன்பது கிடக்கு" என்று சிரித்துக்கொண்டு ஆஸ்பத்திரியால் வந்தார். அடுத்த வருடம் பாதம் போனது. அதற்கடுத்த மாரியில் முழங்காலோடு எடுத்தார்கள். அவருடைய சவப்பெட்டியைச் சேமக்காலைக்குத் தூக்கிப் போனவர்களில் ஹெக்டரும் ஒருவர். பெட்டி பாரமாகவே இல்லை என்று அன்று பின்னேரம் இன்பமலரிடம் சொல்லிச் சொல்லி அழுதார். இரண்டு வருடம் கழித்து அவருக்கும் அதே வருத்தம் என்று சொன்னார்கள்.

பயம் வந்தால் வாய் அடங்கிவிடும் என்று யாரும் நினைக்கக் கூடாது. கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது ஹெக்டர் அரைப்பட்டினி கிடப்பார். கிளினிக் முடிந்து திரும்பும் வழியில் சந்திக் கடையில் இறங்கி, இனிப்பு வாய்ப்பன் இரண்டும் பால் தேத்தண்ணியும் அடிப்பார். கிளினிக் கொப்பியில் சீனி இலக்கம் நன்றாக இருக்கும். உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று கொப்பிக்குத் தெரியாது.

நிலாவெளிப் பக்கம் கரைவலைக்குத் தலையாள் அவர். தோணியில் வலையை ஏற்றிப்போய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் மணலில் நின்று ஆட்கள் இழுத்து வருவார்கள். மீன் வந்து சேரும் பைக்கு மடி என்று பெயர். மடி கரை தொடும்போது அதன் வாயில் நிற்கிறவர் ஹெக்டர். செருப்புக் காலோடு வலையில் மிதிப்பதை அந்தக் கரையில் யாரும் பொறுக்கமாட்டார்கள். சோறு தருகிற வலை. ஆகவே இழுக்கிறவர்கள் எல்லாரும் வெறுங்கால். தலையாள் எல்லாரிலும் கூடிய வெறுங்கால். கிளினிக்கில் கொடுத்த தடித்த அடிச் செருப்பு, ஆட்கள் தங்கும் ஓலைக் குடிலான வாடியின் கப்பில் அடித்த ஆணியில், நேர்த்திக்குக் கட்டிய சாமான் மாதிரித் தொங்கியது.

அந்த வருடம் விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து குசினிக் கதவடியில் நின்றார்.

"இன்பம், இந்தத் தவக்காலத்துக்கு நான் சீனியை விடுறன். வெள்ளைச் சோறும் வேண்டாம்."

"ஆருக்குச் சொல்லுறியள்? எனக்கோ?"

"உனக்கில்லை. ஆண்டவருக்குச் சொல்லிப்போட்டன்."

அப்படியென்றால் நடக்கும் என்று இன்பமலருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நடந்தது. நாற்பது நாளும் குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் பாகற்காயும் சூடை மீன் சொதியும்தான். சோறு என்றால் சிவப்பரிசியில் ஒரு அகப்பை. வெறும் தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்தார். நத்தாருக்கு முன் பெருவிரலடியில் வந்து ஆறாமல் கிடந்த புண் காய்ந்து பொருக்குத் தட்டியது. இன்பமலர் மாதாவின் படத்துக்கு முன்னால் நின்று நன்றி சொன்னாள். இனிப் பேர்னாட் அத்தானின் வழியில் இந்த மனிதன் போகமாட்டார் என்று நம்பினாள்.

ஆனால் தவக்காலம் என்று ஒன்று இருந்தால் ஈஸ்டர் என்று ஒன்றும் இருக்கிறது. பாஸ்காப் பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன்னமே ஹெக்டர் கதிரையில் இருந்துகொண்டு, "மூண்டு கரண்டி போட்டு ஒரு பால் தேத்தண்ணி கொண்டா" என்றார்.

"என்ன சொல்லுறியள்?"

"நாப்பது நாள் முடிஞ்சுதுதானே. சொன்னதைச் செய்துபோட்டன்."

இன்பமலர் சண்டை பிடித்தாள். பலிக்கவில்லை. ஆண்டவரோடு பேசி முடித்த விஷயத்தில் மனைவி தலையிட இடமில்லை. அந்த வருடம் பார்த்து மூன்று பெருநாள்களும் இரண்டு கிழமைக்குள் வரிசையில் வந்து நின்றன. ஈஸ்டருக்கு அவளுடைய கேக். பத்து நாளில் நோன்புப் பெருநாள். மீன் வாங்க வருகிற ஜவ்பர் நானா, வழமைபோல ஒரு முழுச் சட்டி இனிப்பு வட்டிலாப்பத்தோடு வந்து இறங்கினார். அதற்கு மூன்று நாலு நாளில் சித்திரை வருடப் பிறப்பு. பக்கத்து வளவுப் பூரணி, ஒரு பெரிய தட்டு நிறைய அரியதரமும் பயத்தம் பணியாரமும் வாழையிலையால் மூடிக்கொண்டு வந்தாள். மூன்று சமயமும் சேர்ந்து ஒரு மனிதனின் காலைக் குறிவைத்த மாதிரி இருந்தது. யாரைத்தான் குறை சொல்ல முடியும்? அன்பாகக் கொண்டு வந்ததை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புகிற பழக்கம் அந்த ஊரில் இல்லை. எறிவது அதைவிடக் கேவலம்.

இன்பமலர் தனக்குத் தெரிந்த வழியில் காவல் செய்தாள். ஹெக்டர் ஒரு துண்டு எடுத்தால் மிச்சத்தை அவர் கண்ணில் படாமல் பின்பக்கம் கொண்டுபோய்த் தானே தின்று முடித்தாள். வட்டிலாப்பச் சட்டியில் முக்கால்வாசி அவள் வயிற்றுக்குத்தான் போனது. பூரணியின் அரியதரம் இரண்டு நாளில் முடிந்தது. அவளுக்கு அதில் பெரிய ஆசையும் இருக்கவில்லை. அவர் வாய்க்குப் போகாமல் இருந்தால் சரி. சீனிப் போத்தலை அலுமாரிக்குள் சீலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சீனி போட்ட தேத்தண்ணி அவளுக்கு மட்டும்தான். ஹெக்டர் கடற்கரைக்குப் போன பிறகு குசினிப் படியில் இருந்து, ஒன்றுக்கு இரண்டாகக் குடிப்பாள்.

கடல் அடங்கி வலை இறங்கிய பிறகு கச்சான் காற்று தொடங்கியது. தரைப் பக்கமிருந்து அனலை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிற காற்று அது. கண் எரியும், உதடு வெடிக்கும், பனையோலை நாள் முழுக்கச் சரசரக்கும். பத்து மணிக்குப் பிறகு கடற்கரை மணலில் காலை வைத்தால் ஆடுகூட ஓடும். ஹெக்டர் மட்டும் மடி வாயில் ஆறுதலாக நின்றார். சூடு தெரியவில்லை என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசையால் வந்து இன்பமலர் குசினிக்குப் போகும்போது சீமெந்துத் தரையில் கறுப்பாகச் சின்னச் சின்னத் திட்டுகள் கிடந்தன. வாசலில் தொடங்கி ஹெக்டரின் கதிரை வரைக்கும் ஒன்றுவிட்ட ஒரு அடியில் போயின. மற்ற நாள் என்றால் மீன் இரத்தம் என்று துடைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை வலை இல்லை.

"காலைத் தூக்குங்கோ."

"ஏன்?"

"தூக்குங்கோ எண்டுறன்."

உள்ளங்கால் முழுக்க வெந்து, தோல் பையாகக் கழன்று கிடந்தது. பொருக்குத் தட்டியிருந்த பழைய புண் வாய் திறந்திருந்தது. மணல் சுட்டிருக்கிறது, அவர் அறியவில்லை. ஹெக்டர் குனிந்து பார்த்தார். யாரோ வேறு ஆளின் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மெல்ல, "பேர்னாட் அண்ணனுக்கும் இப்பிடித்தான் முதல்ல" என்றார்.

கிளினிக் டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. காலில் உணர்ச்சி செத்துவிட்டது, ஆறு கிழமை தருகிறேன் என்றார். மருந்து கட்ட வேண்டும், செருப்பு போட வேண்டும், வாயைக் கட்ட வேண்டும். சீனி இறங்கினால் புண் ஆறும், இறங்காமல் எலும்பைப் பிடித்தால் முன்பாதம் போகும். வெளியே வந்ததும் மிஸ்ஸி தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தாள்.

"ஐயா, மூண்டு நாள் பட்டினி கிடந்திட்டு இனி என்னை ஏமாத்த ஏலாது. மூண்டு மாசத்துக் கதையையும் சொல்லுற சோதினை இருக்கு. அதையும் எடுக்கப் போறன். நாப்பது நாள் வடிவாத்தானே இருந்தனீங்கள்?"

"இருந்தனான் மிஸ்ஸி. பிறகு முறிஞ்சு போச்சு. ஒருக்கா முறிஞ்சால் எல்லாம் முறிஞ்ச மாதிரித்தானே."

"ஆர் சொன்னது? மத்தியானம் ஒரு வட்டிலாப்பம் சாப்பிட்டால் மத்தியானத்தோட அது முடிஞ்சுது. இரவுக்குக் குரக்கனைச் சாப்பிடுங்கோ. அடுத்த திங்கள், அடுத்த தவக்காலம் எண்டு நாள் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ."

திரும்பி வரும் பஸ்ஸில் ஹெக்டர் யன்னல் பக்கம் இருந்தார். கோணேசர் கோயில் மலையும் துறைமுகத்துக் கிரேன்களும் பின்னால் போயின. உப்புவெளி தாண்டியதும், "இன்பம்" என்றார். "இந்த முறை ஆண்டவருக்குச் சொல்லேல்லை. அவருக்குச் சொன்னால் முடிவு நாள் ஒண்டு வந்திடும். இதுக்கு முடிவு நாள் இல்லை எண்டு இப்பதான் விளங்குது."

அவருடைய கை அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. முப்பது வருடத்தில் பஸ்ஸுக்குள் அவர் அவள் கையைப் பிடித்ததில்லை. இன்பமலருக்கு அழுகை வந்தது.

மறுநாளே ஹெக்டர் ஆணியில் தொங்கிய செருப்பை எடுத்துப் போட்டார். செருப்போடு மடியை நெருங்க முடியாது. ஆகவே வலையிலிருந்து பத்து அடி தள்ளி நின்று, கையைக் காட்டிக் காட்டிச் சத்தம் போட்டார். மடி வாயில் முனீப் என்ற ஆளை நிறுத்தினார். ஆட்கள் சிரித்தார்கள். "தலையாள் கலியாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிக்கிறார்" என்று ஒருவன் சொன்னதை வீட்டில் வந்து சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். சிரிப்பு முழுசாக வரவில்லை. இருபத்தைந்து வருடம் நின்ற இடம் அது.

பின்னேரத்தில் அவருடைய காலை மடியில் தூக்கி வைத்து, டோர்ச் அடித்து, விரல் இடுக்கெல்லாம் பார்ப்பது இன்பமலரின் வேலை. உப்புத் தண்ணீரால் துடைத்து, மருந்து வைத்துக் கட்டுவாள். "நோகுதோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். "இல்லை" என்பார். அந்த இல்லை அவளைக் கொன்றது. ஒருநாள் "ஓம், நோகுது" என்று கத்தமாட்டாரா என்று ஏங்கினாள்.

இரண்டு கிழமை போயிருக்கும். பின்வளவில் கக்கூசை ஒட்டி, கிடுகால் மறைத்த குளிக்கிற இடம் இருந்தது. காலையில் அதைத் தேய்க்கப் போன இன்பமலர் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் ஓடுகிற மூலையில் எறும்பு. ஒன்று இரண்டல்ல, வேலியடியிலிருந்து கயிறு போட்ட மாதிரி வந்து, இரவில் எழும்பிச் சலம் போகிற அந்த மூலையில் மொய்த்துக் கிடந்தது.

அவளுக்கு அது புதிய காட்சி அல்ல. பேர்னாட் அத்தானின் வீட்டுப் பின்பக்கத்தில் இதே எறும்பைப் பார்த்திருக்கிறாள். மூத்திரத்தில் சீனி போவதை டொக்டர் சொல்வதற்கு முதல் எறும்பு சொல்லிவிட்டது என்று அவருடைய மனைவி ஒருமுறை சொன்னதும் நினைவிருந்தது.

ஹெக்டர் மத்தியானம் வந்தார். கையைக் கழுவவும் விடவில்லை.

"என்னத்தைத் திண்டனீங்கள்?"

"விடியக் கட்டித் தந்த குரக்கன் ரொட்டி. வேற என்ன?"

"பொய் சொல்லாதேங்கோ. எறும்பு வந்திருக்கு."

"எங்கை?"

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். ஹெக்டர் கட்டுப் போட்ட காலை ஒரு பக்கமாகச் சரித்து நின்று நெடுநேரம் பார்த்தார்.

"சத்தியமா நான் ஒண்டும் தொடேல்லை இன்பம்."

"அப்ப இது என்ன? எறும்புக்கு என்னோட கோபமோ பொய் சொல்ல?"

"பேர்னாட் அண்ணன்ர குழி மேல சத்தியம். ஒரு துண்டும் தொடேல்லை. நான் வீட்டில நிக்கிறதே ராவிலதானே."

"அந்த ராவிலதான் நாலு தரம் எழும்பிப் போறியள்."

"நானோ? நான் ஒருக்கா எழும்பினால் பெரிய காரியம். நீதான் பின்கதவைத் திறக்கிறதும் பூட்டுறதுமா நிக்கிறாய்."

"எனக்கு எங்கை நித்திரை? உங்களை நினைச்சு நினைச்சுத் தொண்டை காஞ்சு போகுது. எழும்பித் தண்ணி குடிக்கிறன், குடிச்சால் போகத்தானே வேணும். என்ர உடம்பில என்ன கிடக்கெண்டு பாருங்கோ. ரவிக்கையெல்லாம் தொளதொளக்குது. இவ்வளவு பாடுபட்டும் நீங்கள் களவா வாயில போடுறியள்."

ஹெக்டர் உள்ளே போனார். அன்று சோறும் வேண்டாம் என்று படுத்துவிட்டார். சாப்பிட்டாலும் குற்றம், சாப்பிடாவிட்டாலும் குற்றம் என்று ஆன மனிதனின் முதுகு தெரிந்தது. இன்பமலர் அந்த முதுகையும் நடிப்பு என்றே எடுத்தாள்.

அதன்பிறகு வீடு ஒரு சோதனைச் சாவடி மாதிரி ஆகிவிட்டது. சாரத்தின் மடிப்பு, சட்டைப் பை, வெற்றிலைப் பை, தோணிக்குக் கொண்டுபோகிற தகர டப்பா, ஒன்றும் தப்பவில்லை. ஒன்றும் அகப்படவும் இல்லை. அகப்படாதது அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஒவ்வொரு நாளும் மூலையில் தண்ணீரை அடித்துக் கழுவுவாள். அடுத்த நாள் எறும்பு திரும்ப வந்திருக்கும். முந்தினதைவிடக் கூடுதலாக வந்திருக்கும்.

பூரணி வேலியால் எட்டிப் பார்த்து, "அக்கா, என்னக்கா இப்பிடி இளைச்சுப் போனியள்? முகமெல்லாம் ஒட்டிக் கிடக்கு" என்றாள்.

"வேற என்ன பூரணி? இந்த மனிசன்ர யோசினைதான்."

"பாவமக்கா நீங்கள். இருங்கோ, கொஞ்சம் சக்கரைத் தண்ணி கரைச்சுக்கொண்டு வாறன். களைப்புக்கு நல்லது."

குடித்தாள். உள்ளே போனது தெரியாமல் இன்னொரு செம்பும் கேட்டுக் குடித்தாள்.

கிளினிக்குக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டில் இல்லை என்றால் கடற்கரையில்தான். பத்து மணி வலை முடிந்ததும் வாடியடியில் எல்லாருக்கும் பாலும் சீனியும் போடாத பிளேன்ரீ வரும். ஆளுக்கு ஒரு துண்டு பனங்கட்டியை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக் கடித்துக் குடிப்பார்கள். பனங்கட்டி சீனி அல்ல, அது பனையிலிருந்து வருவது என்று ஹெக்டர் முந்தி ஒருகாலம் வாதாடியது அவளுக்கு மறக்கவில்லை.

வாடியின் பின்பக்கம் ஆடு வராமல் விளாத்தி முள்ளால் வேலி போட்டிருந்தார்கள். அந்தப் பக்கமாகப் போனால் தெரியாது. ரப்பர் செருப்பு படக் படக்கென்று சத்தம் போடும் என்று அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் வெறுங்காலோடு மெல்ல மெல்ல நடந்தாள். கச்சான் முகத்தில் அறைந்தது. வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. அத்தனை வெயிலிலும் அன்று மணல் அவ்வளவு சுடவில்லை என்று நினைத்தாள். தன் அவசரத்தில் சூடு தெரியவில்லையாக்கும் என்றும் நினைத்தாள்.

வேலி இடுக்கால் பார்த்தபோது ஹெக்டர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கவிழ்த்த தோணியில் இருந்தார். காலில் செருப்பு இருந்தது. ஜவ்பர் நானா எதிரே நின்று உள்ளங்கையை நீட்டினார். கையில் கறுப்பாக ஒரு துண்டு. ஹெக்டரின் கை போய் அதை எடுத்தது. பிறகு தோள் அசைந்தது. வாயில் போட்டாரோ என்ன செய்தாரோ, முதுகு மறைத்தது. இன்பமலருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கண்ணால் கண்டுவிட்டாள்.

வந்த வழியே திரும்பி, சந்திக்குப் போய் ஜவ்பர் நானாவின் லொறி வரும் வரைக்கும் நின்றாள். மீன் பெட்டிகளுக்கு மேலே ஐஸ் தண்ணீர் வழிய லொறி வந்து நின்றது.

"நானா, உங்களைக் கூடப்பிறந்த ஆளா நினைச்சிருந்தன்."

"என்ன தங்கச்சி? என்ன நடந்த?"

"அவருக்கு ஏன் பனங்கட்டி குடுக்கிறியள்? அந்தக் கால் போனால் நீங்களோ வந்து தூக்கப் போறியள்?"

ஜவ்பர் நானா தலையில் கையை வைத்தார். "அல்லாட காவல்! தங்கச்சி, நான் மறந்துபோய்க் கைய நீட்டினது உண்மைதான். பழக்க தோஷம். அவன் எடுத்தான், எடுத்து என்ன செஞ்சான் தெரியுமா? காகத்துக்கு வீசினான். 'என்ர காலைக் கேக்கிறாய் நீ' எண்டு எனக்கு ஏச்சு வேற. நான் இனி அந்த வாடியில பனங்கட்டியே கடிக்கிறல்ல எண்டு நிய்யத்து வெச்சிட்டன்."

"காகத்துக்கோ?"

"ஓம், காகத்துக்குத்தான். நான் ஏன் உங்களுக்குப் பொய் சொல்லணும்?"

கூட்டாளிக்காகப் பொய் சொல்லுகிறார் என்று இன்பமலர் தீர்மானித்தாள். ஆம்பிளைகள் எல்லாம் ஒரே மடியில் கிடக்கிற மீன்கள். காகத்தைப் பிடித்துக் கேட்க முடியுமா? எறும்பு சொன்னது போதாதா?

அன்று வீட்டுக்கு வந்தபோது குசினித் தரையில் மறுபடியும் ஒரு கறுப்புத் திட்டு கிடந்தது. ஒன்றுதான், சின்னது. ஹெக்டர் வந்ததும் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். துணி காய்ந்து வெள்ளையாக இருந்தது. புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாகத் தோல் கட்டியிருந்தது. திட்டு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. அவர்தான் எதையோ மறைக்கிறார் என்று மட்டும் விளங்கியது. தரையைத் துடைத்தாள். அடுத்த நாள் துடைத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று கிடந்தது.

ஹெக்டர் ஒருமுறை மட்டும் கெஞ்சினார். "நீ நம்பாட்டிப் பறவாயில்லை இன்பம். ஆனால் எனக்கே இப்ப பயமாக் கிடக்கு. இவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் எறும்பு வருதெண்டால், உடம்பு என்ரை பேச்சைக் கேக்கேல்லை எண்டுதானே அர்த்தம்? பேர்னாட் அண்ணனும் கடைசியில ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே."

அன்று முதல்முறையாக, இந்த மனிதன் உண்மை சொன்னால் அது பொய்யைவிடப் பயங்கரம் என்று அவளுக்குத் தோன்றியது.

கிளினிக் நாளில் முதலாவது பஸ்ஸிலேயே போனார்கள். போவதற்கு முன் இன்பமலர் அலுமாரியைத் திறந்து, வழமைபோலத் தனக்கு ஒரு தேத்தண்ணி கரைத்துக் குடித்தாள். வெறும் வயிற்றோடு போக வேண்டியது அவர்தானே. பெரியாஸ்பத்திரியில் நீளமான வாங்குகளில் சனம் நிறைந்து கிடந்தது. மூதூரால் படகேறி வந்தவர்கள், புல்மோட்டையால் விடியமுன் வெளிக்கிட்டவர்கள், எல்லாருடைய மடியிலும் கொப்பி. எதிர் வாங்கில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒருவர் இருந்து, அமைதியாக விசுக்கோத்து தின்றுகொண்டிருந்தார். ஹெக்டர் அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இன்பமலர் இரண்டு தரம் எழும்பிப் போய்க் குழாயில் தண்ணீர் குடித்தாள். பிறகு கக்கூசு எங்கே என்று விசாரித்துப் போய் வந்தாள்.

மிஸ்ஸி பேரைக் கூப்பிட்டாள். ஹெக்டரின் விரலில் குத்தினாள். போன கிழமை எடுத்த சோதனையின் துண்டையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். திரும்பவும் துண்டைப் பார்த்தாள்.

"ஐயா, என்ன செய்தனீங்கள்?"

"ஏன் மிஸ்ஸி? கூடிட்டோ?"

"நூற்றி இருபத்தி நாலு. மூண்டு மாசக் கணக்கும் வடிவா இறங்கியிருக்கு. காலைக் காட்டுங்கோ." கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். "இது ஆறுது. கால் தப்பிச்சுது ஐயா. டொக்டர் சந்தோசப்படுவார்."

ஹெக்டர் சாரத்தின் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. "இப்ப எண்டாலும் நம்புறியோ?" என்று மட்டும் கேட்டார்.

இன்பமலருக்கு நம்பத்தான் ஆசை. ஆனாலும் மனதில் பட்டதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக அவளால் முடியாது.

"மிஸ்ஸி, உங்கட மெசின் சரிதானே?"

"ஏனம்மா?"

"அப்ப எறும்பு ஏன் வருது? ஒரு மாசமா எங்கட குளிக்கிற மூலையில எறும்பு மொய்க்குது. நாளுக்கு நாள் கூடுது. இவர் திங்காட்டி எறும்பு ஏன் வருது?"

மிஸ்ஸியின் பேனை நின்றது. "வீட்டில ஆராரம்மா இருக்கிறியள்?"

"நாங்கள் ரெண்டு பேரும்தான்."

மிஸ்ஸி அவளுடைய வெடித்த உதட்டைப் பார்த்தாள். கழுத்தெலும்பைப் பார்த்தாள். தோளிலிருந்து நழுவுகிற ரவிக்கையைப் பார்த்தாள்.

"நீங்கள் எப்பவாவது ரத்தம் சோதிச்சனீங்களோ?"

"எனக்கென்ன? எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தக்காரர் இவர்தான்."

"கையைத் தாங்கோ."

"எனக்கு வேலை கிடக்கு மிஸ்ஸி, பஸ்..."

"கையைத் தாங்கோ அம்மா."

ஊசி குத்தியது. ஒரு சொட்டு இரத்தம். சின்ன மெசின் இலக்கத்தைக் காட்டுவதற்குள் ஹெக்டர் எழுந்து வந்து, மிஸ்ஸியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இலக்கங்களை வாசிக்க இத்தனை வருடத்தில் அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது.

"நானூற்றிப் பதினெட்டு" என்றார். சத்தம் வரவில்லை, வாய்தான் அசைந்தது.

"டொக்டருக்குச் சொல்லுங்கோ" என்று மிஸ்ஸி உள்ளே யாரையோ கூப்பிட்டாள். பிறகு இன்பமலரிடம், "செருப்பைக் கழட்டிப்போட்டு அந்தக் கதிரையில இருங்கோ" என்றாள். இன்பமலர் இருந்தாள். அலுமாரிச் சாவி இடுப்பில் உறுத்தியது. வட்டிலாப்பச் சட்டி, அரியதரத் தட்டு, குசினிப் படியில் குடித்த தேத்தண்ணி, பூரணியின் சக்கரைத் தண்ணி என்று ஒவ்வொன்றாக வந்தன. அவருடைய வாய்க்குப் போகாமல் காத்தது எல்லாம் எங்கே போனது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

மிஸ்ஸி குனிவதற்கு முன்னமே ஹெக்டர் தரையில் இருந்துவிட்டார். கட்டவிழ்ந்த காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, மனைவியின் இடது பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். அவள் எத்தனை பின்னேரம் அவருக்குச் செய்தாளோ, அப்படியே விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வலது பாதத்தைத் தூக்கினார்.

குதிக்கால் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. சுற்றிவரச் சிவந்து உப்பியிருந்தது. தொட்டதும் ஓரத்தால் இரத்தமும் சீழும் கசிந்தன. ஹெக்டர் நகத்தால் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. அரை விரல் நீளத்தில் விளாத்தி முள். வாடிக்குப் பின்னால் இருக்கிற வேலியின் முள் என்று பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்தது. அங்கே அவள் எதற்கு வந்தாள் என்றும் தெரிந்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. முள்ளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நோகுதோ?" என்று கேட்டார்.

இன்பமலர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவர் கேட்டது கேட்டுத் திரும்பினாள்.

"எது?" என்றாள்.